சற்குணம் அண்ணாச்சியின் மஞ்சள் டார்ச்

எங்கள் ஊரில் சுமை இறக்குவதைச் சும்மா நின்று பார்ப்பதற்கும் கூலி உண்டு. நோக்குகூலி என்பார்கள். அந்தக் கூலியை இருபத்தெட்டு வருஷம் மாதச் சம்பளமாகவே வாங்கியவர் எங்கள் சற்குணம் அண்ணாச்சி. திருவனந்தபுரம் ஆரியசாலையில் வன்னியராஜ் முதலாளியின் பருப்பு மொத்தக் கடையில் அவருக்குச் சரக்குப் பார்க்கிற வேலை. லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது சாக்கில் குத்தூசியைச் செருகி ஒரு பிடி பருப்பை எடுப்பார். உள்ளங்கையில் பரப்பி, வாசல் வெளிச்சத்துக்குக் காட்டி, ஒரே ஒரு தடவை பார்ப்பார். "கேட்டு" என்றால் ஏற்று என்று அர்த்தம், மூட்டை குடோனுக்குள் போகும். "கழி" என்றால் லாரிக்கே திரும்பும். இதற்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொள்வார்.

கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, அந்தக் காலத்தில் அந்தப் பார்வைக்கு மதிப்பு இருந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து ஆற்றிங்கல் வரை சில்லறைக் கடைக்காரர்கள் எங்கள் மூட்டையைப் பிரித்தே பார்க்க மாட்டார்கள். "சற்குணம் பாத்த சரக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். நான் இசக்கி, அந்தக் கடையின் முன்பக்கத்தில் பில் எழுதுகிறவன். ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்லியிருப்பேன்.

அண்ணாச்சி மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். பதினேழு வயதில் பொட்டலம் மடிக்க வந்தவர், முன்கடையில் சில்லறை நிறுத்துக் கொடுத்துப் பத்து வருஷம் நின்றார். பிறகு குடோனுக்கு உயர்ந்தார். உயர்ந்தது பதவி மட்டுமில்லை, மோவாயும்தான். வெள்ளைச் சட்டை, இரட்டை வேட்டி, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முன்வரிசை. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் சாம்பாரில் ஒரு பருப்பை விரலால் எடுத்து இது எந்த ஊர்ப் பருப்பு என்று சொல்வார். சரியா தவறா என்று சரிபார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அதனால் அவர் சொன்னது எப்போதும் சரியாகவே இருந்தது.

அவருக்கு ஐம்பத்தைந்து நடந்தபோது கண் மங்கத் தொடங்கியது. இது எனக்குத் தெரியும். ஏனென்றால் பில்லில் மூன்றை எட்டு என்று வாசித்து என்னிடம் சண்டைக்கு வந்தார். கண்ணாடி போடச் சொன்னார் டாக்டர். போடுவாரா? ஆரியசாலையே கொண்டாடுகிற கண்ணுக்கு மேல் இரண்டு கண்ணாடிச் சில்லை மாட்டிக்கொண்டு நடந்தால் தெரு என்ன சொல்லும்? டாக்டர் தந்த சீட்டை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, பழவங்காடியில் நடைபாதைக் கடையொன்றில் ஒரு சீனா எல்ஈடி டார்ச் வாங்கினார். அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். அந்த டார்ச்சுகள் நகரத்துக்குள் ஈசல் மாதிரி வந்து இறங்கியிருந்த சமயம். விரல் நீளம், அலுமினிய உடம்பு, முன்னால் ஒன்பது குட்டி விளக்கு.

"இனி வாசலுக்குப் போவண்டாம், இசக்கி. நின்ன எடத்துலயே பாத்துரலாம்" என்றார். வாசலில் நின்று கண்ணைச் சுருக்கினால் நாலு பேர் பார்ப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அந்த டார்ச்சின் வெளிச்சம் இருக்கிறதே, அது ஒரு தண்டனை. நீலம் பாய்ந்த வெள்ளை. சுவரில் அடித்தால் நடுவில் இருட்டாக ஒரு ஓட்டை, அதைச் சுற்றி வளையம் வளையமாக ஒன்பது நிழல். முகத்தில் பட்டால் உயிரோடு இருக்கிறவன் கூட ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து எழுந்து வந்தவன் மாதிரி தெரிவான். அண்ணாச்சி இந்த வெளிச்சத்தில்தான் முதல் லாரியைப் பார்த்தார். நல்ல, புதிய துவரம்பருப்பு. அவர் கையில் அது பச்சை தட்டித் தெரிந்தது. "கழி" என்றார். லாரி திரும்பி அடுத்த சந்தில் எங்கள் எதிரிக் கடைக்குப் போனது. அங்கே ஒரு வாரத்தில் அந்தச் சரக்கு மொத்தமும் விற்றுத் தீர்ந்தது. வாங்கிப் போனவர்கள் இன்னும் வேண்டும் என்று திரும்பி வந்தார்கள்.

அண்ணாச்சிக்கு மூக்கு உடைந்தது. ஆனால் கண்ணில் குறை என்று அவர் ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. குறை டார்ச்சில் என்று முடிவு செய்தார். அந்த முடிவில் பாதி நியாயம் இருந்ததுதான் வினை.

அன்றிலிருந்து அவர் விஞ்ஞானி ஆனார். முதலில் டார்ச்சைப் பிரித்து, உள்ளே விளக்குகளைச் சுற்றியிருந்த பளபளப்பான கிண்ணத்தைப் பல்பொடி போட்டுத் துலக்கினார். அது வெறும் பிளாஸ்டிக். மேலே வெள்ளி மாதிரி ஒரு பூச்சு. பல்பொடி அந்தப் பூச்சை வழித்தெடுத்துவிட்டது. அவர் மனைவி ரத்னாபாய் அக்கா கடைக்கே வந்து எங்களிடம் முறையிட்டாள்.

"வீட்டுல மனுசனுக்குப் பல்லு தேய்க்கப் பொடி இல்ல. இவரு டார்ச்சுக்குத் தேய்க்காரு. நீங்க யாராவது சொல்லப்பிடாதா?"

யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. சுமை இறக்குகிற ஷாஜி தன் சிகரெட் பாக்கெட்டின் உள்தாளைக் கொடுத்தான். அண்ணாச்சி அந்த ஜிகினாத் தாளை வெட்டிக் கிண்ணத்துக்குள் ஒட்டினார். வெளிச்சம் கொஞ்சம் கூடியது. அடுத்ததாக முன்கண்ணாடியை உப்புத்தாளால் தேய்த்தார். இது உண்மையிலேயே நல்ல வேலை, ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடி பால் மாதிரி மங்கியதும் வளையங்கள் மறைந்தன, நடு ஓட்டை மறைந்தது, வெளிச்சம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சமமாக விழுந்தது. வெளிச்சம் சிதறாமலிருக்கக் கறுப்பு அட்டையை உருட்டி முன்னால் ஒரு குழாய் செருகினார். மத்தியானச் சோறு ஆறிக்கொண்டிருக்கும். அண்ணாச்சி குடோன் சுவரில் வட்டம் அடித்துக்கொண்டிருப்பார். எங்கள் முதலாளி ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "சற்குணம், படம் எத்தனை மணிக்குய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீலம் மட்டும் போகவில்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் முன்கடைக்கு வந்து என் மேசைக்குக் கீழே குனிந்து மஞ்சள் கண்ணாடித்தாள் சுருளை எடுத்தார்.

அந்தச் சுருள் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சில்லறைக்குப் பருப்பு வைத்திருக்கிற பெட்டிகளுக்கு மேலே ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்பு தொங்கும். அந்தப் பல்பைச் சுற்றி மஞ்சள் கண்ணாடித்தாள் கட்டுவது எங்கள் தொழிலில் வழக்கம். கீழே கிடப்பது வெளிறிய பருப்பாக இருந்தாலும் தங்கமாக மின்னும். வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்த்தான் பருப்பின் சொந்த முகத்தைப் பார்ப்பார். அதற்குள் பில் போட்டாயிற்று. எங்கள் கடையில் இந்தத் தாளை முதன்முதலாகக் கட்டியவரே சற்குணம் அண்ணாச்சிதான். சில்லறையில் நின்ற அந்தப் பத்து வருஷமும் இதைக் கட்டித்தான் பக்கத்துக் கரமனைப் பெண்களின் கண்ணைக் கட்டினார். இப்போது அதே தாளை நான்காக மடித்து, தன் டார்ச்சின் வாயில் வைத்து ஒட்டினார்.

எப்படி அளவு பார்த்தார் தெரியுமா? கடையில் இருந்ததிலேயே உசத்தியான பாசிப்பருப்பை ஒரு பிடி கையில் வைத்துக்கொண்டார். ஒரு மடிப்பு வைத்து அடித்துப் பார்த்தார், போதவில்லை. இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு. நாலாவது மடிப்பில் பருப்பு அவர் மனசுக்குப் பிடித்த நிறத்துக்கு வந்தது. "இதுதாம்லே சரியான வெளிச்சம்" என்றார்.

எனக்கு அப்போதே உறைத்தது. வருஷா வருஷம் ஓணத்துக்கு முன்னால் அந்தப் பல்புகளுக்குப் புதுத் தாள் கட்டுகிறவன் நான்தானே. அந்தத் தாள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்தால் அவர் முகம் சுண்டிப்போகும், அதைவிட இப்படியே விட்டால் எங்கே போய் நிற்கிறது பார்க்கலாம் என்று ஒரு குறும்பு. நான் சிரித்துக்கொண்டு, "கொள்ளாம் அண்ணாச்சி, நல்லாருக்கு" என்றேன்.

ஷாஜி என்னைவிட யோக்கியன். அவன் தலைச்சுமையோடு நின்று டார்ச்சைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சீ, இதை அடிச்சா சோறும் பருப்பாகும் கேட்டோ" என்றான். எல்லோரும் சிரித்தோம். அண்ணாச்சியும் சிரித்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் ஓணச் சரக்கு வந்தது. பாசிப்பருப்பு. இங்கே ஓணச் சாப்பாட்டில் இலையில் சோறு விழுந்ததும் முதலில் பருப்பும் நெய்யும்தான் வரும். அது மசியாவிட்டால் வீட்டுக்காரிக்கு அந்த வருஷமே மசியாது. அதனால் வருஷத்தில் மற்ற லாரிகளை எப்படிப் பார்த்தாலும் இந்த லாரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

காலை ஒன்பது மணி, ஆனால் வானம் மூடிக் கிடந்தது. குடோனுக்குள் ஒரே ஒரு பல்பு. அண்ணாச்சி நடுவில் நின்றார். மூட்டை ஒவ்வொன்றாக வந்தது. குத்தூசி, ஒரு பிடி, டார்ச். "கேட்டு." குத்தூசி, ஒரு பிடி, டார்ச். "கேட்டு." பதினைந்தாவது மூட்டையில் அவர் கையிலிருந்து சிந்திய பருப்பைப் பொன்செல்வி தன் சுளகில் ஏந்தினாள்.

பொன்செல்வி குடோனில் பருப்புப் புடைக்கிறவள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். கட்டட வேலைக்கு வந்த புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடந்தான். குடும்பம் அந்தச் சுளகில்தான் ஓடியது. அவள் அதிகம் பேச மாட்டாள். அன்றைக்குப் பருப்பில் இரண்டை வாயில் போட்டுக் கடித்தாள். முகம் மாறியது. சுளகோடு எழுந்து வாசலுக்குப் போய் மழைச் சாரலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அண்ணாச்சி, இது பழைய பருப்பு. கடிச்சா கல்லு மாதிரி இருக்கு. நெறமும் செத்துப்போயிருக்கு. வாசலுக்கு வந்து ஒருக்கா பாருங்களேன்."

தலைச்சுமைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். அண்ணாச்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அதுவும் கீழே உட்கார்ந்து புடைக்கிறவள்.

"நீ சுளகைப் பாரு. சரக்கைப் பாக்க எனக்குக் கண்ணு இருக்கு." அவள் சுளகின் மேலேயே டார்ச்சை அடித்தார். பருப்பு பொன்னாக மின்னியது. "பாத்தியா? பாத்தியாலே இசக்கி? தங்கம்!"

நான் கதவோரம் நின்றிருந்தேன். சுளகில் தங்கம் மின்னியதைப் பார்த்தேன். அவள் விரல்கள், சுளகு, பக்கத்துச் சுவர், எல்லாமே அதே தங்கமாக மின்னியதையும் பார்த்தேன். "ஆமா அண்ணாச்சி" என்றேன். லாரி முழுக்க உள்ளே போயிற்று.

பொன்செல்வி மறுபடி உட்கார்ந்து புடைத்தாள். அவளுக்கு அதுதான் வேலை.

ஓணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது முதல் மூட்டை திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் பேட்டையிலிருந்து ஒரு சமையல்காரர். மூன்று மணி நேரம் கொதித்தும் பருப்பு அண்டாவில் சரளைக்கல்லாக உருள்கிறது என்று கத்தினார். மத்தியானத்துக்குள் ஆட்டோக்கள் வரிசையாக வந்தன. சற்குணம் பார்த்த சரக்கு என்று பிரிக்காமல் வாங்கிப் போனவர்கள் எல்லாரும் பிரித்துக் கொண்டுவந்து கொட்டினார்கள். மழை விட்டு நல்ல வெயில் வேறு. கடை வாசலில் குவிந்து கிடந்தது சாம்பலும் காவியும் கலந்த ஒரு சாமான். அதைப் பாசிப்பருப்பு என்று சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

முதலாளி அண்ணாச்சியை அழைத்தார். நானும் ஷாஜியும் பொன்செல்வியும் குடோன் வாசலில் நின்றோம். அண்ணாச்சி குவியலைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கே பாவமாக இருந்தது. பிறகு அந்த மனுஷன் வாயைத் திறந்தார், என் இரக்கம் எல்லாம் வற்றிப்போயிற்று.

"நான் பாத்தது இந்தச் சரக்கு இல்ல மொதலாளி. நான் பாத்தது தங்கம், இசக்கிக்கும் தெரியும். பொடைக்கேன்னு பிரிச்ச எடத்துல மூட்டைய மாத்திக் கட்டியிருக்கா."

பொன்செல்வி அவரைப் பார்த்தாள். கோபத்தைவிட அதில் ஆச்சரியம்தான் அதிகம். "நானா அண்ணாச்சி? நான் அன்னைக்கே சொன்னேனே. எல்லாரும்தான நின்னாங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இசக்கி, என்னய்யா நடந்துச்சு?"

ஒரு வாக்கியம் போதும். அந்தத் தாள் கிடந்த மேசை என்னுடையது. நான் பில் புத்தகத்தின் மூலையை மடித்துக்கொண்டு, "நான் முன்கடையில நின்னேன் மொதலாளி, செரியாப் பாக்கல்ல" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன். வெட்கம் எல்லாம் பிறகுதான் வந்தது.

ஷாஜிதான் முன்னால் வந்தான். சங்கத்து ஆள், முதலாளியிடம் அவனுக்குப் பயமில்லை. "மொதலாளீ, ஆளைக் கேட்டது மதி, போதும். அந்த டார்ச்சை ஒண்ணு அடிச்சு நோக்கு."

முதலாளி அண்ணாச்சியின் கையிலிருந்து டார்ச்சை வாங்கினார். குவியலில் ஒரு பிடி அள்ளிக் குடோன் இருட்டுக்குள் போய் அடித்தார். கல்லும் சாம்பலும் ஒரே நொடியில் பொன்னாயிற்று. அவர் அட்டைக் குழாயை உருவினார். அடியிலிருந்த மஞ்சள் தாளை நகத்தால் கிள்ளி, மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். நாலு மடிப்பும் பிரிந்ததும் தலையை உயர்த்தி முன்கடைப் பல்பைப் பார்த்தார், பிறகு அண்ணாச்சியைப் பார்த்தார். தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விருதுநகரில் பிறந்து தராசடியில் வளர்ந்தவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு நியாயம் நடந்துவிடும் என்று நான் நம்பினேன். என் வேலையை ஷாஜி செய்துவிட்டான் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. மறுநாள் காலையில் முதலாளி என்னை அழைத்து, பொன்செல்வியின் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிடு என்றார்.

"மொதலாளி, அவ..."

"தெரியும்யா." அவர் குரல் உயரவில்லை. "கண்ணு தப்பிருச்சுன்னு சொன்னா நாளைக்கு நம்ம மூட்டைய எவனும் பிரிக்காம வாங்க மாட்டான், கடையப் பூட்டிட்டுப் போகணும். கை தப்பிருச்சுன்னு சொன்னா ஆளை மாத்துனாப் போதும். கடைக்காரங்க கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன். நீயும் அப்படியே சொல்லு."

அன்று பகல் முழுக்க நானும் அப்படியே சொன்னேன். பொடைக்கிற இடத்தில் மூட்டை மாறிவிட்டது, ஆளை நீக்கியாயிற்று, இனி பயமில்லை. எல்லோரும் தலையாட்டிக்கொண்டு போனார்கள். சற்குணம் பார்த்த சரக்கா என்று கேட்டுவிட்டு நல்ல மூட்டையை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பதினொரு மணிக்குப் பொன்செல்வி வந்தாள். சுளகைச் சுவரில் சாய்த்து வைத்தாள், அது கடையின் சுளகு. நான் நீட்டிய கவரை எண்ணாமல் இடுப்பில் செருகினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவள் படி இறங்கும்போது அண்ணாச்சி குடோனிலிருந்து வேகமாக வந்தார். உள்ளே ஏதோ குத்தியிருக்க வேண்டும், அவ்வளவு கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் தப்பு என்னுடையது என்று சொல்லும் பழக்கம் அந்த வாய்க்கு இல்லை. கையில் அந்த டார்ச் இருந்தது. மஞ்சள் தாள் இல்லை, குழாய் இல்லை. புதுப் பேட்டரி போட்டிருந்தார்.

"இந்தா, வச்சுக்கோ. வீட்டுக்கு ஆவும். நல்ல வெளிச்சம் இப்ப, வளையமே விழாது. நானே தேய்ச்சது."

பொன்செல்வி அதை வாங்கினாள். பொத்தானை அழுத்தி, வெயிலில் நின்றுகொண்டே தன் உள்ளங்கையில் அடித்துப் பார்த்தாள். அணைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வீட்டுல கரண்டு இருக்கு அண்ணாச்சி. இனிமே பருப்புதான் இருக்காது."

சொல்லிவிட்டு ஆரியசாலைக் கூட்டத்துக்குள் நடந்து போனாள். அண்ணாச்சி டார்ச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பி, "பேச்சப் பாத்தியாலே இவளுக்கு?" என்றார்.

பார்த்தேன் என்றேன். அவள் பார்த்ததைச் சொன்னாள், வேலை போயிற்று. நான் பார்த்ததைச் சொல்லவில்லை, இன்றுவரை அந்த மேசையில் உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.